நாக்கின் அடியில்

"இன்னும் கொஞ்சம் மோசமாகணும்" என்கிறார் எப்சிபா சிஸ்டர்.
"இப்பவே கொடுத்தா தூக்கி அடிச்சிரும்."

மருந்துக்காக நோய் முற்றக் காத்திருக்கும் வார்டு.
கோத்தகிரியில் தை மாதம்.
கண்ணாடிக்கு வெளியே தேயிலைமேல் உறைபனி.
உள்ளே மூன்று கம்பளிக்கு அடியில்
என் பனியன் பிழிய நனைந்திருக்கிறது.

அவர் என்னை எண்ணுகிறார்.
கொட்டாவிக்கு ஒன்று. மூக்கொழுகலுக்கு இரண்டு.
கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்து இன்னும் இரண்டு.
முழங்கையைத் தடவுகிறார், மயிர் குத்திட்டு நிற்கிறது.
புல்லரிப்பு என்று எழுதி மூன்று போடுகிறார்.
அம்மன் கரகம் வாசலில் வந்து நின்றபோதுகூட
எனக்கு இப்படி ஆனதில்லை.

கால்கள்தான்.
பதினோரு வருஷம் கேரட் லாரி.
கேத்தியில் ஏற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டியில் போய் நின்ற கால்கள்
இப்போது கட்டில் கம்பியில் கிளட்சைத் தேடுகின்றன,
கிடைக்காமல் பிரேக்கைத் தேடுகின்றன.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்கிறேன்.
எதிரே வருகிறவன் விளக்கைத் தணிப்பதாக இல்லை.

இடுப்பில் டிஸ்க் நகர்ந்த வருஷம்
டாக்டர் எழுதியது பத்து மாத்திரை.
பதினொன்றாவதை நானே வாங்கினேன்.
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூன்றரை மணிக்குப் பதினேழு வந்தது.
பாஸ் ஆனவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் சிஸ்டர்.
"நாக்குக்கு அடியில வை. கடிக்காதே, விழுங்காதே.
கரையுற வரைக்கும் பேசக்கூடாது. பத்து நிமிஷம்."
ஆரஞ்சுத் தோலை வெள்ளையோடு மென்ற கசப்பு.
ஆறு மணி வாக்கில்
என் கால்கள் லாரியை ஓரங்கட்டின.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில் காலி.
போஜராஜ், கட்டபெட்டுக்காரன்,
கம்பளியை நான்காக மடித்து வைத்துவிட்டு
ராத்திரியோடு போயிருக்கிறான்.
சிஸ்டர் அவன் வீட்டுக்குப் போன் மேல் போன் போடுகிறார்.
"பழைய அளவையே போடுவான். உடம்பு இப்ப அந்த உடம்பு இல்லை.
அதைச் சொல்லணும், யாராவது எடுங்களேன்."
கட்டிலுக்கடியில் அவன் செருப்பு,
வாசலைப் பார்த்தபடி.

ஏழு மணி மாத்திரை அடிநாக்கில் இருக்கும்போது
கமலாவதி கூப்பிட்டாள்.
பேச முடியாது என்று சொல்லிவிட்டு
சிஸ்டர் போனை என் காதில் வைத்தார்.

"பேசாட்டி போ. கேளு.
சிலிண்டரை வித்தது யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.
பாப்பா கம்மலையும் தெரியும்.
பக்கத்து வீட்டு அண்ணன் மேல பழி போட்டியே, அதுதான்...
பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன்.
நீ வந்தாலும் வராட்டியும்
இந்த வீட்டுக்கு இனிமே தாழ்ப்பாள் கிடையாது.
கேக்குதா?"

வாய் நிறைய எச்சில்.
இன்னும் நான்கு நிமிஷம்.
நாக்கின் மேல் வழக்கம்போல ஒரு பொய் தயாராக இருந்தது.
அடியில் மாத்திரை கரைந்துகொண்டிருந்தது.
ம் என்றேனா, அதுவும் இல்லையா, தெரியவில்லை.
அவள் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.
பாப்பா எதற்கோ சிணுங்கினாள்.
இரண்டாவது விசில். மூன்றாவது.
அடுப்பை அணைக்கப் போனவள்
அப்படியே மறந்துபோனாளோ,
மறந்ததாக விட்டாளோ.

"காட்டு" என்றார் சிஸ்டர்.
நாக்கைத் தூக்கினேன்.
"ஒண்ணுமில்லை. இப்ப பேசலாம்."
போனில் சத்தமில்லை.

தரை ஐஸாகக் கிடந்தது.
குளியலறைக்குப் போக வேறு வழியில்லாமல்
போஜராஜ் செருப்பை மாட்டிக்கொண்டேன்.
ஒரு அளவு பெரிது.
இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது.